முதல் பாகத்தில் செத்தவர்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் தியேட்டர் ஒன்றில், பாட்டும் சிரிப்புமான ஒரு படத்தின் இரண்டாம் பாகம் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"முதல் பாகத்துல பொணமா நடிச்சேங்க. எங்க ஊர் வயல்லதான் ஷூட்டிங். இதுல கல்யாணப் பாட்டுக்கு ஆடுறேன்."

"செத்தவரு எப்படிங்க ஆடுவாரு?"

"அதுக்குத்தான் மீசையை எடுத்தேன். டிவி சீரியல்ல மூணு தடவை செத்திருக்கேன், யாரு கேட்டா? எடிட்டிங்ல வெட்டாம விட்டிருந்தாப் போதும்."

பாட்டு வந்ததும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும், "என்னைப் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேங்க" என்றேன். உண்மையில் நான் பக்கத்திலிருந்த அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மறுபடி டிக்கெட் எடுத்துப் போனேன். கல்யாணப் பாட்டில், ஆடுபவர்களின் இரண்டாவது வரிசையில் அவர் நன்றாகவே ஆடினார்.