ஐஸ்லாந்துக்கு ஒரு நாள் ஒத்திகை

எஸ்தர் அக்கா போய்விட்டார் என்று அவர் வீட்டுக்காரர் டேனியல் அண்ணன் போனில் சொன்னபோது, நான் என் கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். காலையில் எழுப்பப் போனாராம், எழுந்திருக்கவில்லையாம். போனை வைத்துவிட்டு மீதிக் கஞ்சியையும் ஊட்டி முடித்தேன். பாதியில் நிறுத்தினால் அவர் திரும்ப வாயைத் திறக்க மாட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது. இனி எல்லாவற்றையும் நான் ஒருத்தியே யோசிக்க வேண்டுமே என்ற அலுப்பு.

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் காலை பஸ்ஸில் எங்களோடு வந்தவர்களுக்கு அக்காவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நெசவாளர் சங்க அலுவலகத்தில் அவரும் நானும் எதிரெதிர் மேசை. சிமெண்ட் ஷீட் கூரை. சித்திரை மாதத்தில் எழுத உட்கார்ந்தால் கை காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்துத் தெருவெல்லாம் பவர்லூம் சத்தம். வெயிலும் சத்தமுமாக நாள் முழுக்க அடி வாங்கிவிட்டு, சாயங்காலம் பேச்சே எழாமல் பஸ் ஏறுவோம்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் அக்கா தன் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். கறுத்த மலை ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. அடுத்த படத்தில் அதே ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனிப்பாறை. "பாத்தியா கமலா, இதான் ஐஸ்லாந்து. நெருப்பும் ஐஸும் ஒரே ஊர்ல. நம்ம ஊர்ல நெருப்பு மட்டும்தான் குடுத்து வெச்சிகிறாங்க. மீதிய போய்ப் பாத்துகினு வந்துடலாம், பத்து நாள்" என்றார். திருப்பதி போய் வரலாம் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

அன்று முதல் பஸ்ஸில் இதே பேச்சு. பனிப்பாறைமேல் நடக்க செருப்புக்கு அடியில் முள் கட்டுவார்களாம், வெந்நீர் ஊற்று இருக்கிறதாம், கோடையில் இருட்டவே இருட்டாதாம். கண்டக்டர் விசில் ஊதும் முன் "ஐஸ்லாந்து ரெண்டு பேரும் ஏறிட்டீங்களா?" என்று குரல் கொடுப்பார். அக்கா "ஆங், போலாம் ரைட்" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

ஆனால் அக்காவின் திட்டத்தில் விமானமோ விசாவோ முதலில் வரவில்லை. முதல் கேள்வியே, "நீ இல்லாதப்ப உங்க வூட்டுக்காரர யாரு பாத்துப்பா?" என்பதுதான். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வருஷங்கள் ஆகின்றன. புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். நான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்துக்கு ஓர் அம்மா வந்து பார்த்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் நான்தான். ஊர் சுற்றுவதைப் பற்றிப் பேசிய பலரும் என் வீட்டில் கிடக்கும் மனிதரை மறந்துவிட்டுத்தான் பேசினார்கள். அக்கா அவரிடமிருந்துதான் தொடங்கினார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்: "அக்கா, நெஜமாவே போவமா?"

"ஆங், போவோம். என் ரிடையர்மென்ட்டுக்கு அப்புறம். ஆனா பத்து நாள் நீ வூட்ட வுட்டு இருப்பியா? ஒரு நாள் இருந்து காட்டு மொதல்ல. ஒத்திகை பாக்காம நாடகம் போட முடியுமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே டேனியல் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அண்ணன் லாரி ஓட்டியவர். தூக்கிப் புரட்டும் தெம்பு இன்னும் இருக்கிறது. என்னைத் தங்கச்சி என்றதால் என் கணவர் அவருக்கு மச்சான் முறை, எங்கள் பக்கத்துப் பேச்சில் பாவா, ஆகிவிட்டார். "இன்னா பாவா, இன்னிக்கு நம்ம ரெண்டு பேரு ராஜ்ஜியம்" என்று கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். என் கணவர் வாய் கோணச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்தே எவ்வளவு காலமாகியிருந்தது.

அக்கா என்னை அழைத்துப் போனது எங்கே தெரியுமா? கே.ஜி.கண்டிகை போகும் வழியில் இருந்த ஒரு ஐஸ் கம்பெனிக்கு. அங்கே அவருக்குத் தெரிந்தவர் வேலையில் இருந்தார். மார்கழியில் பஸ் ஸ்டாண்டு ஓரம் ஸ்வெட்டர் விற்றவர்களிடம் வாங்கிய கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி, சிவப்புக் கோடு போட்ட சாம்பல் நிறம், பையிலிருந்து எடுத்தார். ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டோம். உமி தூவி வைத்திருந்த ஐஸ் பாளத்தின்மேல் என் கையைப் பிடித்தபடி ஏறி நின்றார். "பனிப்பாறைல நடக்கறம் பாரு" என்று இரண்டடி வைத்து வழுக்கி, என்னையும் சேர்த்துக் கீழே தள்ளினார். வேலை செய்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு நான் அந்தக் குளிர்ச்சியில் ஒரு சாக்குமேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.

அக்கா எழுப்பவில்லை. சாயங்காலம் கண் விழித்தபோது, பக்கத்தில் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். "நீ ஐஸ்லாந்துக்கு வந்தாலும் தூங்கத்தான் போற. தூங்கு. மலையெல்லாம் நான் பாத்து உனக்குச் சொல்றேன்" என்றார். அதன் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு ஒத்திகை நாள் ஆனது. இரண்டு நாள் ஒத்திகையை அடுத்த மாதம் பார்ப்பதாக இருந்தோம்.

சாவு வீட்டில் அக்காவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து மகள் வரக் காத்திருந்தார்கள். வெளியே பந்தலுக்குக் கீழேகூட நிற்க முடியாத வெயில். கண்ணாடி மூடியில் பனி படிந்து முகம் சரியாகத் தெரியவில்லை. நான் முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அப்போதுதான் அழுதேன்.

சவப்பெட்டியில் வைக்கும் முன் அவர்கள் வழக்கப்படி வெள்ளை உடுத்தி, கைக்கும் காலுக்கும் வெள்ளை உறை மாட்ட வேண்டும். சபைப் பெண்கள் புதுசாக வாங்கிவந்த வெள்ளை சாக்ஸைப் பிரித்தபோது, டேனியல் அண்ணன் உள்ளே போய் அந்தக் கம்பளி சாக்ஸை எடுத்துவந்தார். "இத போடுங்க. இதான் அவளுது" என்றார். நன்றாக இருக்காது என்று ஒருவர் முணுமுணுத்தார். பாஸ்டர், "போடட்டும்மா" என்றார். நான்தான் மாட்டிவிட்டேன். ஐஸிலேயே கிடந்த பாதம். இத்தனை குளிரை அவர் ஒருநாளும் அனுபவித்ததில்லை.

அடக்கம் முடிந்து வந்த ஒத்திகை ஞாயிறை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கஞ்சிக்கு அடுப்பு மூட்டியபோது வாசலில் டேனியல் அண்ணன் நின்றார். சவரம் செய்யாத முகம்.

"கெளம்பும்மா" என்றார்.

"அண்ணா, நீங்களே இந்த நெலமைல..."

"வூட்ல குந்திகினு சுவத்த பாத்துகினு இருக்கறதுக்கு, பாவா மூஞ்சிய பாக்கறேன். ஒத்திகை நிக்கக் கூடாதுன்னு சொல்லிகினே இருப்பா. போ." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் அந்தக் கையை விடவில்லை.

எங்கே போவது என்று தெரியாமல் பள்ளிப்பட்டு பஸ்ஸிலேயே ஏறினேன். கண்டக்டர் வழக்கம்போல வாயெடுத்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். விசில் மட்டும் ஊதினார். ஜன்னலோரம் அக்கா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பும்வரை தூங்கினேன்.

ஐஸ்லாந்தை நான் பார்க்கப்போவதில்லை. மலையெல்லாம் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டியவரும் இல்லை. அக்கா எனக்கு விட்டுப்போனது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதை விட மாட்டேன். அடுத்த மாதம் இரண்டு நாள் என்று டேனியல் அண்ணன் சொல்லியிருக்கிறார். என் ஜோடி கம்பளி சாக்ஸை வெயிலில் காயவைத்துப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.