ட்ரோன் குடிக்காத தண்ணீர்

நாவற்குடாவில் ஒரு வீடு ஜன்னலுக்கு மேல் எழாமல் லிண்டல் மட்டத்தோடு நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கூரை போட்டால் தை மாதம் கலியாணம். போடாவிட்டால் கலியாணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் மிகுந்த பண்போடு சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருகிறான். ஆகவே முதலில் வீடு இருக்கவேண்டும். நானும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். மனைவியின் வீட்டில் குடியிருந்துகொண்டு ஊராருக்கெல்லாம் வீடு வளவு விற்றுக்கொடுக்கும் தரகன் நான் என்பதில் உள்ள வேடிக்கை, இத்தனை வருடமாகியும் என் மனைவிக்கு அலுக்கவில்லை.

கூரையில்லாத வீட்டின் சொந்தக்காரி தையல் வேலை செய்பவர், கணவரை இழந்தவர். ஆரையம்பதியில் வாவிக்கரையோரமாகத் தாய்வழியில் வந்த, கிணறும் தென்னைகளுமான வளவு ஒன்று அவருக்கு இருந்தது. அதை விற்றால், மகளுக்காகக் கட்டும் அந்த வீட்டுக்குக் கூரை ஏறும். விற்றுக்கொடுக்கவேண்டியவன் நான்.

“தம்பி, தைக்குள்ள குடிபுகோணும். உங்களத்தான் நம்பியிருக்கன்,” என்றார். என்னை நம்பியிருப்பவர்களைக் கண்டால் எனக்கே பாவமாக இருக்கும்.

அப்போது எனக்குப் புதுமைக் காய்ச்சல் பிடித்திருந்தது. கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்திருந்தேன். புதிய தொழில்நுட்பத்துக்கு மாறாத தரகர்கள் அழிந்துபோவார்கள் என்று கோட்டுப் போட்ட ஒருவர் திரையில் டைனோசரின் படத்தைக் காட்டிச் சொன்னார். அதன் வயிறு என் வயிற்றைப் போலவே இருந்ததால் நம்பிவிட்டேன்.

ஊர் திரும்பியதும் கைபேசியில் நிலம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கினேன். வளவைச் சுற்றி நடந்தால் அது படம் கீறித் தரும். தந்தது. ஒரு மூலை வாவிக்குள் இருந்தது. அடுத்து, விளம்பரம் எழுதும் செயற்கை அறிவு. வளவின் விபரங்களைக் கொடுத்தேன். “மலைச்சாரலின் குளிர்காற்று தவழும் ஏரிக்கரைக் கனவு நிலம்” என்று எழுதிற்று. வாவியை ஏரி என்றதையாவது மன்னிக்கலாம். எங்கள் ஊரில் தென்னையைவிட உயரமாக இருப்பது தொலைபேசிக் கோபுரம் மட்டும்தான். அவசரத்தில் வாசிக்காமலே போட்டுவிட்டேன். தெற்கிலிருந்து ஒருவர் அழைத்து, இரவில் ஸ்வெட்டர் தேவைப்படுமா என்று அக்கறையோடு விசாரித்தார்.

கடைசியாக ட்ரோன். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவர் ஒருவரிடம் இருந்தது. ஆவணி வெயிலில் அதை மேலே ஏற்றினார். வாவி வெள்ளித் தகடாக மின்ன, தென்னைகள் பச்சை நட்சத்திரங்களாக விரிய, என் ஊரை நானே முதல்முறையாகப் பார்த்து வாய்பிளந்து நின்றேன். அடுத்த வளவில் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த பெண், தகர வேலிக்கு மேலால் வாளியை வீசி எறிந்தபோதுதான் தரைக்கு வந்தேன்.

“வேலி அடைச்சிருக்கிறது என்னத்துக்கு? மேலால வந்து எட்டிப் பாக்கிறியளோ? இறக்கடா அந்தப் பேயை!”

இறக்கினோம். வாளியைத் திருப்பிக் கொடுக்க இருவருமே துணியவில்லை. எங்களோடு வந்திருந்த வளவுக்காரியே கொண்டுபோய்க் கொடுத்து, எங்களுக்காக மன்னிப்பும் கேட்டுவந்தார்.

அந்தப் பகுதியை வெட்டிவிட்டு வீடியோவைப் போட்டோம். பார்த்தவர்கள் இதயம் இதயமாக அள்ளி வழங்கினார்கள். பலர் பின்னணியில் வரும் பாட்டு எது என்று கேட்டார்கள். விலை கேட்டவர் ஒரேயொருவர். ஆரையம்பதியில் பிறந்து சுவிற்சர்லாந்தில் இருக்கும் பெண்.

“அண்ணன், வீடியோ வடிவா இருக்கு. நான் மேலால பறக்கிற கொக்கெண்டா உடனே வாங்கியிருப்பன். இனிக் கிணத்தடிக்குப் போய் வீடியோ கோல் எடுங்க. தண்ணி குடிச்சுக் காட்டுங்க.”

அது நியாயமான கேள்வி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எங்கள் மணலில் ஒரு கிணறு இளநீர் மாதிரி இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் வாயில் வைக்க முடியாத சவர்த் தண்ணீர் ஊறும். ஆகவே வளவு பார்க்க வருகிறவர் காணி உறுதிப் பத்திரத்தைக் கேட்பதற்கு முன் கிணற்றில் அள்ளி ஒரு வாய் குடிப்பார். கொப்பளித்துவிட்டுத் துப்பினால் வியாபாரம் இல்லை, விழுங்கினால் பேசலாம். நாக்கு சுவிற்சர்லாந்திலும் தண்ணீர் ஆரையம்பதியிலும் இருந்தால் என்ன செய்வது என்று கருத்தரங்கில் யாரும் சொல்லித்தரவில்லை.

வளவுக்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாளியில் அள்ளித் தந்தார். நான் வீடியோ அழைப்பில் சுவிற்சர்லாந்தைப் பிடித்து, கைபேசியை வாளிக்குள் காட்டினேன்.

“தண்ணியக் காட்டி என்ன செய்ய? கமராவ உங்கட முகத்துக்குப் பிடிங்க.”

பிடித்தேன், குடித்தேன். என்னுடையது எதையும் வெளியே காட்டாத வியாபாரமுகம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இடது கண் தன்பாட்டில் சுருங்கியது.

“குளிர்ச்சியா இருக்கு,” என்றேன்.

“கண் ஏன் சுருங்கிச்சு?”

“வெயில், தங்கச்சி.”

“நீங்க நிழல்ல நிக்கிறீங்க, அண்ணன்.”

கூரை கைநழுவிப் போவதைக் கிணற்றுக்கட்டில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த வளவுக்காரி, எட்டி என் கையிலிருந்து கைபேசியை வாங்கினார்.

“புள்ள, நான்தான் வளவுக்காரி. கோடையில இது சவர்தான். மழை விழுந்தா நல்ல தண்ணி. குளிக்க, தென்னைக்கு ஊத்த ஒரு குறையுமில்ல. குடிக்கிறதுக்குக் குழாய்த் தண்ணி ரோட்டால போகுது. தம்பியோட கோவிக்காதீங்க. பாவம், பொய் சொல்ல ஆசை, ஆனா வருதில்ல.”

மறுமுனையில் அந்தப் பெண் என்னை விட்டுவிட்டு அவரிடமே பேசினார்.

“என்னத்துக்கக்கா விக்கிறீங்க?”

“மகள்ட வீட்டுக்குக் கூரை போடோணும், புள்ள.”

“நானும் மகள்ட பேருக்குத்தான் வாங்கப் பாக்கிறன். அவளுக்குத் தமிழே அரைகுறை. கலியாணம் எண்டு சொன்னாச் சிரிப்பாள். எண்டாலும் ஊர்ல ஒரு வளவு அவள்ட பேர்ல கிடக்கட்டும்.” பிறகு சொன்னார்: “மழை விழுந்ததும் ஒருக்காக் குடிச்சுக் காட்டுங்க. நல்ல தண்ணியெண்டா முடிப்பம்.”

திரும்பும் வழியில், மழை பிந்தினால் தை கைவிட்டுப் போய்விடுமே என்று நான் பொருமிக்கொண்டு வந்தேன். மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து அவர் சொன்னார்: “அவ கேட்டது சரிதானே, தம்பி. நானெண்டாலும் அப்பிடித்தான் கேப்பன்.”

கூரையில்லாத வீட்டை வைத்துக்கொண்டு ஒருவர் மழை வேண்டி வானம் பார்த்ததை அந்த வருடம்தான் கண்டேன். நானோ கண்ணாடிக்கு முன் நின்று முகத்துக்குப் பயிற்சி கொடுத்தேன்.

“ஆருக்கு இந்தச் சிரிப்பு?” என்றாள் மனைவி. “பல்லு டொக்டருக்கா?”

ஐப்பசி முடியும்போது மழை பிடித்தது. கிணறு நன்றாக ஊறட்டும் என்று சில நாள் பொறுத்துவிட்டு, கார்த்திகையில் ஒரு குடைக்குக் கீழே இருவரும் கிணற்றடியில் நின்றோம். தண்ணீர் உண்மையாகவே நன்றாக இருந்தது. ஆனால் பயிற்சி செய்த சிரிப்பு முந்திக்கொண்டது.

“அண்ணன், சிரிக்காதீங்க, பயமாக் கிடக்கு. அக்காட்டக் குடுங்க.”

வளவுக்காரி ஒரு கை அள்ளி, வாயில் வைத்துக் கொப்பளித்து, விழுங்கினார். இன்னொரு கை அள்ளிக் குடித்தார். மறுமுனையில் அந்தப் பெண் சிரிப்பது கேட்டது.

“சரியக்கா. அது என்ன, வேலிக்கங்கால மின்னுது?”

நான் கைபேசியை வேறு பக்கம் திருப்புவதற்குள் வளவுக்காரியே சொல்லிவிட்டார். “வாவி, புள்ள. மாரியில வேலிக்குள்ள ஏறும். முகத்துவாரத்து மணல வெட்டிக் கடலுக்கு விட்டா வடிஞ்சிரும். வீட்ட ரோட்டுப் பக்கமாக் கட்டுங்க.”

“ட்ரோன்ல இது தெரியல்லையே, அண்ணன்?”

“அது கோடையில பறந்தது, தங்கச்சி.”

சுவிற்சர்லாந்துப் பெண் கொஞ்சம் விலை குறைத்துக் கேட்டார். வளவுக்காரி கொஞ்சம் இறங்கினார். வாங்குகிறவர் ஊரிலிருக்கும் தன் தம்பிக்கு அட்டோனி அதிகாரம் கொடுக்க, உறுதி எழுதி முடித்தார்கள். மழை விட்ட இடைவெளிகளில் கூரை ஏறியது.

அதன்பிறகு என் கைபேசியைத் துப்புரவாக்கினேன். நிலம் அளக்கும் செயலி போயிற்று. அந்த வேலைக்கு நில அளவையாளரும் அவருடைய சங்கிலியும் இருக்கிறார்கள். விளம்பரம் எழுதும் யந்திரமும் போயிற்று. மிகைப்படுத்தி எழுத நானே போதும். வீடியோ அழைப்பு தங்கியது. விற்கிறவர் முகத்தை வாங்குகிறவர் பார்க்கலாம் என்பதுதான் காரணம். தரகனுக்கு அதில் இலாபம் குறைவு என்பதை மறைக்கமாட்டேன். ட்ரோனையும் ஒதுக்கிவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

தையில் கலியாணத்துக்குப் போனேன். சுவருக்கு இன்னும் வர்ணம் பூசவில்லை. வீடியோக்காரர் அதே ஆள். என்னைக் கண்டதும் அண்டை அயல் கிணற்றடிகளை ஒருமுறை நோட்டம் விட்டுவிட்டே ட்ரோனை ஏற்றினார். கீழே அவர் கையிலிருந்த சின்னத் திரையில் வீடு தெரிந்தது. நாலு பக்கமும் சரிந்த புதுச் சிவப்பு ஓடு. பெண்ணின் தாய் வேலையை விட்டுவிட்டு வந்து அதைக் குனிந்து பார்த்தார். சட்டிபானை கேட்டு உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

“இன்னொருக்கா மேலால விடுங்க, தம்பி,” என்றார்.