கிளிசரின் குடித்த இலைகள்

பண்டமாரானில் எங்கள் வீட்டுக் குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் பத்துப் பதினைந்து பாட்டில்களைத் தாண்ட வேண்டும். அம்மா கிள்ளானில் ஒரு பூக்கடையில் வேலை பார்த்தார். விற்காமல் போன யூகலிப்டஸ் கிளைகளைக் கொண்டுவந்து, அடிக்காம்பைச் சுத்தியலால் நசுக்கி, சுடுதண்ணீரில் கிளிசரின் கலந்த அந்தப் பாட்டில்களில் நிறுத்திவைப்பார். இரண்டு மூன்று வாரத்தில் இலைகள் செம்பு நிறத்துக்கு மாறும். அம்மா அவற்றைப் பெட்டிகளில் அடுக்கிவைப்பார்; பல மாதம் அப்படியே இருக்கும்.

அப்பாவின் அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, இதெல்லாம் குப்பை. காதல் கல்யாணம் செய்துகொண்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த அம்மாவையே அவருக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டார். தன் மகளின் கல்யாண விருந்துக்கு மேடை அலங்காரம் செய்து தருவதாக அம்மா சொன்னபோது, "கல்யாண வீட்டுல காஞ்ச எலையா? வேணாம்லா," என்று முடித்துவிட்டார்.

விருந்தன்று மதியம், கேமரன் மலையில் மண் சரிந்து, பூவும் இலையும் ஏற்றிவந்த லோரி பாதி வழியில் நின்றுவிட்டது. மண்டபத்தில் மேடை வெறும் கம்பிச் சட்டமாக நின்றது. அத்தை போனும் கையுமாக அலைந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய் சும்மா இருக்காது. "எங்கம்மாகிட்ட எட்டுப் பெட்டி இருக்கு!" என்று கத்திவிட்டேன்.

அம்மா என்னை முறைத்தார். அத்தை போனை வைத்துவிட்டு அம்மாவிடம், "கொண்டு வாம்மா," என்றார்.

அப்பா வேனில் பெட்டிகளைக் கொண்டுவந்தார். அத்தை ஓர் இலையை எடுத்து மடக்கிப் பார்த்தார். "ஒடையலையே!"

"காய வச்சதில்ல அண்ணி. கிளிசரின் குடிச்சது," என்றார் அம்மா.

மூன்று மணி நேரத்தில் மேடை தயாரானது. விளக்கைப் போட்டதும் மண்டபமே மேடைப் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளையின் அம்மா, "எந்தக் கடையில சொன்னீங்க?" என்று கேட்டார்.

"கடையா? என் தம்பி பொண்டாட்டி செஞ்சது," என்றார் அத்தை.

நான் மேசை மேசையாகப் போய், அந்தத் தம்பி பொண்டாட்டி என் அம்மாதான் என்று அறிவித்துவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார், இலை பதப்படுத்தக் கற்றுக்கொள்ள. அதன் பிறகு வாராவாரம் வந்தார். காம்பை நசுக்க மறந்துவிடுவார். அளவை மாற்றி ஊற்றுவார். அவருடைய இலைகள் மட்டும் முறுகி உதிரும். அம்மா ஒருமுறைகூடத் திருத்தவில்லை. இருவரும் பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். இவ்வளவு சுலபமான வேலை ஒரு பெரியவருக்கு ஏன் பிடிபடவே மாட்டேனென்கிறது என்று நான் உண்மையாகவே பரிதாபப்பட்டேன்.