நீலப் பெட்டியைப் பற்றிச் சொன்னது யார்?

கமலபாய் எழுதியிருப்பது பொய். எங்கள் சபையின் ஆண்டு விழா மலரில், அவளுடைய படத்துக்குக் கீழே நாலாவது பத்தியில் அந்தப் பொய் அச்சாகியிருக்கிறது. ‘என்னோடு படித்த தங்கபாய்க்கும் அந்த வகுப்பில் இடம் கிடைத்தது, ஆனால் பெண்பிள்ளையை வெளியூருக்கு அனுப்ப அவள் வீட்டார் சம்மதிக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறாள். அந்தத் தங்கபாய் நான்தான். என் வீட்டார் சம்மதித்தார்கள். எனக்கு இரண்டு புதுப் பாவாடை தைத்து, தகரப் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, அதன் மூடியில் என் பெயரை என் அப்பாவே வெள்ளைப் பெயிண்டால் எழுதிவைத்திருந்தார். செத்துப்போனவர்கள் எழுந்து வந்து மறுக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் அவள் எழுதியிருக்கிறாள். நான் சாகவில்லை.

இன்றைக்கும் சைக்கிள் டியூப் ஒட்டும் ‘சொலூஷன்’ வாசனை எங்காவது வந்தால் நான் அந்த இடத்தில் நிற்கமாட்டேன். என் அப்பா மாசிலாமணிக்குப் பாறசாலைச் சந்திப்பில் சைக்கிள் கடை இருந்தது. அப்பாவும் அவருடைய தம்பி யேசுவடியான் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய கடை. பள்ளி விட்டதும் நான் நேரே கடைக்குப் போய், தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்வேன். கடையின் மூலையில் ஒரு நீலப் பெட்டி இருந்தது. அதில் கிழிந்த டியூபுகள் கிடக்கும். வேறு யாரும் அதைத் திறக்கமாட்டார்கள், திறக்க அதில் ஒன்றும் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அது எல்லைப் போராட்டக் காலம். நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழோடு சேருமா, மலையாளத்தோடு நிற்குமா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதுகூடச் சரியில்லை, தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு யாரும் சத்தமாகப் பேசவில்லை. சந்திப்பில் ரிசர்வ் போலீஸ் நின்றது. டீக்கடையில் நீ எந்தப் பத்திரிகையை எடுத்துப் பார்க்கிறாய் என்று ஒருவன் பார்ப்பான், அப்படிப் பார்க்கிறவனை இன்னொருவன் பார்ப்பான். எங்கள் ஆட்கள் வீட்டில் தமிழும், போலீஸ்காரன் கேட்டால் மலையாளமும் பேசினார்கள். இரண்டும் எங்களுக்குத் தாய்ப்பால் மாதிரி வந்த பேச்சுதான். ஆனால் அந்த ஒன்றிரண்டு வருஷம், வாயைத் திறக்கும் முன் எதிரில் நிற்பவன் யார் என்று பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டோம்.

சுட்டதற்கு அடுத்த வெயில்காலத்தில்தான் அந்த வகுப்பு வந்தது. எங்கள் ஊரில் அதை ‘வேனல் கிளாஸு’ என்பார்கள். மிஷன்காரர்கள் திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளி விடுதியில் நாற்பது நாள் நடத்துவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி, கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்து, சோதனைச்சாலையில் கண்ணாடிக் குழாய்களைக் கையில் கொடுப்பார்கள். அதில் படித்து முடித்தவளுக்கு அதே பள்ளியில் பீஸ் இல்லாமல் பத்தாவது வரை இடம். எங்கள் சேகரத்துக்கு, அதாவது எங்கள் பக்கத்துச் சபைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, ஒரே ஒரு இடம். எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேரைப் பரீட்சைக்கு அனுப்பினார்கள். நான் ஒருத்தி. சபைக் கோயில் காரியங்களைப் பார்த்துவந்த டீக்கனின் மகள் கமலபாய் ஒருத்தி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே சிலேட்டுக்குச்சியை உடைத்து எழுதியவர்கள் நாங்கள்.

பரீட்சை நெய்யாற்றின்கரையில் நடந்தது. தமிழிலும் எழுதலாம், மலையாளத்திலும் எழுதலாம். நான் தமிழில் எழுதினேன், கமலம் மலையாளத்தில் எழுதினாள். அதில் ஒரு கேள்வியை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். இருபத்தெட்டு அங்குலச் சைக்கிள் சக்கரம் ஒரு மைல் தூரம் போக எத்தனை முறை சுற்றும் என்று கேட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சக்கரத்தை நான் நூல் சுற்றி அளந்திருக்கிறேன். ஒரு சுற்றுக்கு எண்பத்தெட்டு அங்குலம். எழுநூற்று இருபது சுற்று என்று எழுதி, கீழே கோடு போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் கமலம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஊருக்குள் நடந்து வரும்போது அவள் கேட்டாள்.

“எடி தங்கம், சக்கரக் கணக்கு நீ போட்டியா?”

“போட்டேன். எழுநூற்றி இருபது.”

“உனக்கென்ன, உனக்க அப்பா சைக்கிள்காரர் ஆக்கும். டீக்கன் வீட்டுல சக்கரம் உண்டா, நூல் உண்டா?”

அவள் முகம் வாடிப்போயிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. அவளைத் தேற்ற என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அதனால் ஒரு ரகசியத்தைக் கொடுத்தேன். பதினொரு வயதில் அதைவிடப் பெரிய பரிசு எனக்குத் தெரியாது.

நீலப் பெட்டியில் டியூபுகளுக்கு அடியில் போராட்ட நோட்டீஸ் கட்டு ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். யாரோ ஒருவர் ரிப்பேருக்குச் சைக்கிளை விட்டபோது அதோடு அந்தக் கட்டையும் விட்டுவிட்டுப் போனார். ஆள் திரும்பி வரவில்லை. அப்பா எந்தக் கட்சியிலும் இல்லை. சித்தப்பா அதை அடுப்பில் போடச் சொன்னார். அப்பா கேட்கவில்லை. “ஒருத்தன் நம்பி வச்சிட்டுப் போன சாதனம், அவன் வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?” என்றார். நோட்டீஸானாலும் மூக்குக் கண்ணாடியானாலும் கடையில் விட்டுப்போன பொருள் அவருக்கு ஒன்றுதான்.

கமலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றாள். சொல்லாதே என்று நான் அவளிடம் கேட்கக்கூட இல்லை. அவளாகவே சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா லேஸ் பின்னப் போகும் மிஷன் கட்டடத்தில் ஹெட்மாஸ்டரின் மனைவி என் அம்மாவின் காதில் சொன்னார்: பட்டியல் வந்துவிட்டது, முதல் பெயர் தங்கபாய், அடுத்தது டீக்கன் மகள், அடுத்த வாரம் கோயிலில் வாசிப்பார்கள், அதுவரை வெளியே சொல்லவேண்டாம். அம்மா வெளியே சொல்லவில்லை. ஆனால் கடவுளிடம் சொல்லாமல் இருக்க அம்மாவால் முடியவில்லை. எங்கள் சபையில் நன்மை வந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை வைக்கவேண்டும். கோழியோ பலாப்பழமோ கொண்டுபோய், எதற்காக என்று ஒரு சீட்டில் எழுதி வைத்தால், உபதேசியார் அதைப் பீடத்திலிருந்து வாசித்து ஜெபிப்பார். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருளை முற்றத்தில் ஏலம் விடுவார்கள். நன்மை கிடைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போடுவது நன்றி கெட்டதனம் என்று அம்மா நம்பினாள். அப்பா தடுத்துப் பார்த்தார்.

“வாசிச்ச பிறவு வைக்கலாம் நேசம்மா.”

“தந்தது அந்த ஹெட்மாஸ்டரா? தந்தவருக்கு நான் நன்றி சொல்லப்பிடாதா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வாசித்தார்: “மாசிலாமணி, நேசம்மாள் தம்பதியர், தங்கள் மகள் தங்கபாய்க்குத் திருவனந்தபுரம் வகுப்பில் இடம் கிடைத்ததற்காக, ஒரு கோழி.” கோயில் முழுக்க ஒரு திரும்பல் திரும்பியது. முன்வரிசையில் டீக்கனும் அவர் மனைவியும் மட்டும் திரும்பவில்லை. வெளியே ஏலத்தில் அந்தக் கோழியை எடுத்தது டீக்கன்தான். யாரையும் கிட்ட வரவிடாமல் ஏற்றி ஏற்றிக் கேட்டார். கோழியின் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, எல்லார் முன்னிலும் என் தலையில் கைவைத்து, “படிச்சுப் பெரிய ஆளா வரட்டு” என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை போலீஸ் வந்தது. நான் கடையில்தான் இருந்தேன். இரண்டு பேர். அலமாரியைத் தொடவில்லை. கல்லாவைத் திறக்கவில்லை. தொங்கிய சக்கரங்களை ஒதுக்கிக்கொண்டு நேரே மூலைக்குப் போய், நீலப் பெட்டியைக் கவிழ்த்து, டியூபுகளைக் காலால் தள்ளி, நோட்டீஸ் கட்டை எடுத்தார்கள். வேறு எங்குமே தேடவில்லை. எனக்கு நூறு வயதானாலும் இதைத்தான் சொல்வேன். தேட வந்தவன் தேடுவான், எடுக்க வந்தவன் எடுப்பான். அவர்கள் எடுக்க வந்தவர்கள்.

அப்பாவை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மாலை உதடு வீங்கி வீட்டுக்கு வந்தார். ஸ்டேஷனில் மேசைமேல் ஒரு கடிதம் இருந்ததாம். கோடு போட்ட நோட்டுத் தாள், மலையாள எழுத்து, கீழே பெயர் இல்லை. அதே மாதிரி ஒன்று மிஷன் ஆபீஸுக்கும் போயிருந்தது. அப்பா கை கழுவவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

“மக்கா, நீலப் பெட்டியப் பற்றி நீ ஆருகிட்டயாவது சொன்னியா?”

“இல்லப்பா.”

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. அப்பா என்னை நம்பினார். என்னை நம்பியதால் தம்பியைப் பார்த்தார்.

“பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சது நாம நாலு பேரு. எலே, எரிக்கச் சொன்னவன் நீ ஆக்கும்.”

சித்தப்பா, “எரிக்கச் சொன்னேன் அண்ணே. காட்டிக்கொடுக்கத்தான் எரிக்கச் சொல்லுவாங்களா?” என்றார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தப்பா தன் வேட்டி துண்டையும் ஒரு ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, “நான் வாறேன்” என்றார். வரவில்லை. ஆரியங்கோட்டுப் பக்கம் ரப்பர் வெட்டப் போய் அங்கேயே இருந்துவிட்டார். அப்பா இறந்தபோது கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. நான் போய்க் கூப்பிடவும் இல்லை.

மறுநாள் கோயிலில் பட்டியலை வாசித்தார்கள். கமலபாய் என்று ஒரே பெயர். போலீஸ் கண்ணில் பட்ட வீட்டுப் பிள்ளையை அழைத்துப்போக முடியாது என்று மிஷன்காரர்கள் ஹெட்மாஸ்டருக்கு எழுதியிருந்தார்கள். என் வீட்டார் சம்மதிக்காததால் அல்ல. தகரப் பெட்டியை அம்மா பரணில் வைத்தாள், பெயர் சுவர்ப்பக்கம் தெரியும்படி.

எனக்கு எல்லார்மேலும் சந்தேகம் வந்தது. ஹெட்மாஸ்டர்மேல் வந்தது, ஆனால் என்னைத் தடுக்க வேண்டுமென்றால் என் பெயரை அவர் முதலிலேயே அனுப்பாமல் இருந்திருக்கலாம். நான் தமிழில் எழுதியதுதான் காரணம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள், ஆனால் தமிழில் எழுதிய தாளுக்குத்தான் முதல் இடம் கொடுத்திருந்தார்கள். நோட்டீஸை வைத்துவிட்டுப் போன ஆளே ஒற்றனோ என்றும் நினைத்தேன், ஆனால் அது பெட்டிக்குள் போனதை அவர் பார்க்கவில்லை. தெரிந்த நாலு பேரில் சொன்னது அம்மா இல்லை, அப்பா இல்லை, சித்தப்பா இல்லை. மிச்சம் நான். நான் சொன்னது ஒருத்தியிடம்.

இதை இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் நான் அப்பாவிடம் பொய் சொன்னது வெளியே வரும். அதுதான் காரணம், வேறு நல்ல காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. நான் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கமலம் டாக்டராகி, வெளிநாடு போய், வீடு கட்டித் திரும்பி வந்தாள். அதில் எனக்கு வழக்கில்லை. அவள் மக்குப் பிள்ளை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் என் அப்பாவையும் அம்மாவையும் மகள் படிப்பைத் தடுத்தவர்களாக்கி அச்சில் போட்டாளே, அதை நான் விடமாட்டேன்.

சந்திப்பில் அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. எல்லையைக் கோடு போட்டுப் பிரித்தார்கள், நாங்கள் மலையாளத்துப் பக்கம் நின்றுவிட்டோம். நாங்கள் இருவரும் படித்த தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்து குறைந்து, அறையையே மூடிவிட்டார்கள். லேஸ் பின்னிய கட்டடம் இல்லை. யேசுவடியான் சித்தப்பா போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில், தொண்ணூறு தாண்டி, ஆரியங்கோட்டில் இறந்தார். கடைசி வாரம் நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “இது எனக்கு அப்பவே தெரியும் மக்கா. சின்னப் பிள்ளைய நான் எப்படிக் காட்டிக்கொடுக்க?” என்றார். இதைக் கேட்ட பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

காணிக்கைச் சீட்டு வாசிப்பது மட்டும் எங்கள் சபையில் இன்னும் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கோழி வைக்கிறேன். சீட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘மாசிலாமணி தம்பி யேசுவடியான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நீலப் பெட்டியைப் பற்றிச் சொன்னது தங்கபாய். அப்பாவிடம் பொய் சொன்னதும் அவளே.’ என் பங்குக்கு நான் பதில் சொல்லிவிட்டேன்.

கமலம், இனி உன் பங்கு. நீ உன் அப்பாவிடம் சொன்னாயா? வாய் தவறிச் சொன்னாயா, சக்கரக் கணக்கு தெரியாத கோபத்தில் சொன்னாயா? அந்த நோட்டுத் தாள் யாருடைய நோட்டிலிருந்து கிழித்தது? எனக்குப் போன் செய்யாதே, வீட்டுக்கு ஆள் அனுப்பாதே. நீ இப்போதும் அதே முன்வரிசையில்தான் உட்காருகிறாய். என் சீட்டை வாசித்து முடித்ததும் எழுந்து நின்று, சபை கேட்கச் சொல்.