முழங்கை சொன்ன சூடு

போன வாரம் சேவூர் ரேஷன் கடையில் இயந்திரம் என் விரலை ஏற்றுக்கொள்ளவில்லை. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது முனகிவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"பொடவையில நல்லா தொடச்சிட்டு வைங்கக்கா" என்றார் பில் போடுகிற தம்பி. துடைத்து வைத்தேன். மறுபடியும் சிவப்பு.

எனக்குப் பின்னால் வரிசை நின்றது. என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். டவுன் பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தால் "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் நான். அப்படிப்பட்டவளை ஒரு தெருவே வேடிக்கை பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். விரல் இன்னும் வியர்த்தது.

அந்தத் தம்பி என் கையைத் திருப்பிப் பார்த்தார். "ரேகையே இல்லியேக்கா. எங்க வெச்சிட்டு வந்தீங்க?" என்றார். வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். பிறகு கண்ணைப் படம் பிடிக்கும் கருவியை வைத்து அரிசியும் பருப்பும் போட்டு அனுப்பிவிட்டார். கேலிக்குக் கேட்ட கேள்விதான். ஆனால் அரிசிப் பையோடு அதையும் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் கட்டைவிரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஏன் என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் சோப்பும் சோடாவும் மணக்கும் என்று எதிர்பார்த்திருப்பேன் போலிருக்கிறது. பருப்பு மணம்தான் வந்தது. ஆனால் தேடிய வாசனை, தேடியதாலேயே, எங்கிருந்தோ வந்துவிட்டது.

பத்தாவது முடித்ததும் ஆரணியில் ஒரு சாயப்பட்டறையில் பசை எடுக்கிற வேலைக்குப் போனேன். பட்டு நூல் புதிதாக வரும்போது பட்டு மாதிரியே இருக்காது. விறைப்பாக, மங்கிய மஞ்சளாக, காய்ந்த கோரைப்புல் போல இருக்கும். புழு கூடு கட்டும்போது நூலின் மேல் ஒரு பசையையும் பூசிவிடுகிறது. அந்தப் பசை போனால்தான் பளபளப்பு வரும், சாயம் ஏறும். செப்பு அண்டாவில் சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, சுருளாகக் கட்டிய நூல் சிட்டங்களைக் கம்பில் மாட்டி முக்கித் திருப்பிக்கொண்டே இருப்போம். பிறகு சூட்டோடு அலசிப் பிழிவோம். பட்டறை முழுக்க வெள்ளை ஆவி. அதற்குள் ஆட்கள் கனவில் வருகிறவர்களைப் போல வருவார்கள், கலைவார்கள். வாசனையை எப்படிச் சொல்வது? ஈரத் தலைமுடியும் துணி சோப்பும் எங்கோ வேகிற முட்டையும் சேர்ந்த ஒரு மணம். முதல் நாள் குமட்டியது. பிறகு என் தலையணைக்கே அந்த மணம் வந்துவிட்டது.

என்னோடு அந்த அண்டாவில் நின்றவர் கோவிந்தம்மா அக்கா. என்னைவிட இருபது வயதாவது பெரியவர். எந்த நேரமும் கனகாம்பரம் வைத்திருப்பார். ஆவியில் அது வாடி வதங்கினாலும் எடுக்கமாட்டார். கொதிக்கிற அண்டாவிலிருந்து நழுவிய சிட்டத்தை வெறுங்கையால் எடுப்பார். "கம்பு தேடிகினு இருந்தா நூலு வெந்துடும்மே" என்பார். நானும் அப்படி எடுக்கப் பழகினேன்.

ஆறு மாதத்தில் என் கைகள் வேறு யாருடைய கைகளாகவோ ஆகிவிட்டன. தோல் தடித்து, பிளந்து, மரப்பட்டை மாதிரி. சித்தப்பா மகள் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொசுவம் மடித்துவிட என்னைக் கூப்பிட்டார்கள். மடித்தேன். என் விரல் போன வழியெல்லாம் பட்டில் இழை எழுந்து நின்றது. பெண்ணின் மாமியார் என் கையிலிருந்து புடவையை வாங்கிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பட்டறைக்குப் பின்னாலேயே முதலாளி வீடு. மாடியில் ராட்டையில் நூல் சுற்றுகிற வேலை நடக்கும். அங்கே மின்விசிறி உண்டு, ரேடியோ உண்டு. உட்கார்ந்துகொண்டு செய்யலாம். எனக்கு அந்த வேலை வேண்டும் என்று இருந்தது. ஆனால் அதற்கு ஒரு தேர்வு வைத்திருந்தார் முதலாளியம்மா. கையை நீட்டச் சொல்லி, சாயம் போடாத ஒற்றைப் பட்டிழையை உள்ளங்கையின் மேல் மெல்ல இழுப்பார். எங்கேயும் மாட்டாமல் போனால் வேலை. மாட்டினால், "எண்ண தடவிகினு அடுத்த மாசம் வாம்மா." நான் இரண்டு தடவை நீட்டினேன். இரண்டு தடவையும் மாட்டியது. எண்ணெய் எல்லாம் தடவிப் பார்த்தாயிற்று. காலையில் தடவுவதைச் சாயங்காலத்துக்குள் சோடா தின்றுவிடும். அண்டாவை விட்டால்தான் கை ஆறும், கை ஆறினால்தான் அண்டாவை விடமுடியும்.

இந்த நிலைமையில்தான் பவுடர்காரர் வந்தார்.

வந்தவாசிப் பக்கத்து ஆள். ஏதோ கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தார். ஒல்லியாக, சட்டையை உள்ளே விட்டு, கர்சீப்பில் சுற்றிய சூடு பார்க்கிற கண்ணாடிக் குழாயைக் கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்து "மேடம்" என்றார். கோவிந்தம்மா அக்கா பின்னால் திரும்பி யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

சோப்பு வேண்டாம், சோடா வேண்டாம், கொதிக்கவும் வேண்டாம், இந்தப் பவுடர் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே பசையை எடுத்துவிடும் என்றார் அவர். நூலைத் தண்ணீரில் இறக்கி, குழாயைப் பார்த்து, "இந்த சூடு அப்படியே இருக்கட்டும் மேடம்" என்று சொல்லி, குழாயைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு முதலாளியோடு சாப்பிடப் போனார்.

அவர் போனதும் கோவிந்தம்மா அக்கா அண்டாவில் கையை விட்டார். முகம் சுளித்தது. "இன்னாமே இது, ஆறிப்போன காப்பி மாரி கீது. நீ பாரு."

நானும் கையை விட்டேன். எனக்கும் ஆறிப்போய்த்தான் தெரிந்தது. நாங்கள் பொய் சொல்லவில்லை. அக்கா இரண்டு கட்டை செருகினார். மறுபடி கையை விட்டார். இன்னும் இரண்டு கட்டை. கடைசியில், "இப்பதான் வெதுவெதுன்னு கீது" என்று அவர் நிமிர்ந்தபோது அண்டாவில் குமிழி வந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தவர் ஆவியைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். குழாயை எடுத்து அண்டாவுக்குள் நீட்டினார். சூடு கையில் அடிக்கவே உதறினார். குழாய் கல் தரையில் விழுந்து நொறுங்கியது. நூல் அதே விறைப்பாக, அதே மஞ்சளாக வந்தது.

முதலாளி ஒரு சிட்டத்தைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா தம்பி, இது வயித்துவலி பவுடரா? மாத்தி எடுத்துகினு வந்துட்டியா?"

"கொதிச்சா அது செத்துடுங்க" என்றார் அவர், அழுகிற மாதிரி.

"பவுடருக்கு உசுரு வேற கீதா?"

உயிர் இல்லை, ஆனால் உயிருள்ள எல்லாவற்றிலும் வேலை செய்வது அதுதான் என்றார் அவர். என்சைம் என்று பேர். அதுவும் ஒரு புரதம். பட்டும் புரதம். பசையும் புரதம். நான் படித்த பாடப் புத்தகத்தில் புரதம் என்றால் பருப்பும் முட்டையும்தான். அக்கா கேட்டேவிட்டார்: "அப்ப பொடவைய கொழம்பு வெச்சி துன்னலாமா?"

பவுடர்காரர் சிரிக்கவில்லை. அக்காவின் தலையில் இருந்த கனகாம்பரச் சரத்தைக் காட்டினார். புரதம் என்பது இப்படி ஒரு சரம். பூவுக்குப் பதில் அமினோ அமிலம் என்று இருபது வகை மணிகள். அவற்றை எந்த வரிசையில் கோர்க்கிறோமோ அதைப் பொறுத்துச் சரம் தானாகச் சுருண்டு மடிந்து ஓர் உருவம் எடுக்கும். என்சைமின் வேலையெல்லாம் அந்த மடிப்பில்தான் இருக்கிறது. "கொதிக்க வெச்சா மடிப்பு கலைஞ்சிடுங்க. வெந்த முட்ட மறுபடி பச்ச முட்ட ஆவுமா?"

"கொசுவம் அவுந்த பொடவ மாரி" என்றார் அக்கா. பவுடர்காரருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் தலையாட்டினார்.

"அது பட்டையும் துன்னுட்டா?" என்று முதலாளி கேட்டார். பட்டில் சரங்கள் நெருக்கி அடுக்கியிருக்கின்றன, உள்ளே புகுந்து வெட்ட இடமில்லை. பசையில் தளர்வாகக் கிடக்கின்றன, அதனால் அதை மட்டும் வெட்டும் என்றார் பவுடர்காரர். சொல்லிக்கொண்டே வந்தவர், அக்கா அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து நிறுத்திவிட்டார். கொதிக்கிற அண்டா.

"மேடம், உங்க கைக்கு சூடு தெரியல" என்றார்.

அக்கா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் என் கையைப் பார்த்தேன். தோலும் அதே புரதக் குடும்பம்தான், சோடா பட்டுப் பசையை மட்டும் கரைப்பதில்லை என்று பவுடர்காரர் மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்கு இன்னொரு வாட்டி பாரு. அதுக்கு மேல பேஜார் பண்ணாத" என்று முதலாளி போய்விட்டார்.

மறுநாள் பவுடர்காரர் வந்தபோது புதுக் குழாய் கிடைக்கவில்லை. ஆரணியில் எல்லாக் கடையிலும் காய்ச்சல் பார்ப்பதுதான் இருந்ததாம். தன் கையையே விட்டுப் பார்த்தார். நேற்றுச் சுட்டதில் அவர் விரல் சிவந்திருந்தது. "இதான்னு நெனைக்கிறேன்" என்றார். நினைக்கிறேன் என்ற சொல் முதலாளிக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் தவறினால் அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். நான் இந்த அண்டாவிலேயே நிற்பேன்.

எங்கள் அண்ணி குழந்தைக்குத் தண்ணீர் விளாவுவது ஞாபகம் வந்தது. வாயைத் திறந்து சொல்ல எனக்கு வரவில்லை. இரவிக்கைக் கையை மேலே தள்ளிவிட்டு, குனிந்து, முழங்கையைத் தண்ணீரில் வைத்தேன். சோடா படாத தோல் அங்கேதான் மிச்சம் இருந்தது. சுட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எனக்கு ஒரு சூடு தெரிந்தது.

"கொஞ்சம் பச்சத்தண்ணி ஊத்துங்க" என்றேன். ஊற்றினார்கள். மறுபடி வைத்தேன். "இன்னும் கொஞ்சம்." பிறகு, குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்று முழங்கை சொன்னது. "இப்ப போடுங்க."

பட்டறையில் நான் மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசியது அன்றுதான். அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

அன்றைக்கு ஆவி இல்லை. அந்தப் பட்டறைக்கு இத்தனை பெரிய சன்னல் இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது. வெயில் தண்ணீரில் விழுந்து, மஞ்சள் நூல்கள் அதற்குள் படுத்துக் கிடந்தன. மெல்ல மெல்லத் தண்ணீர் கலங்கியது. அடுப்பை அணைப்பதும் கிளறுவதுமாக அக்கா. இடையிடையே குனிந்து நான். சொன்ன நேரம் ஆனதும் கம்பைத் தூக்கினோம். நூல் கம்பில் நிற்கவில்லை, வழிந்தது. பால் வழிகிற மாதிரி. முதலாளி விரலில் சுற்றிப் பார்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "ஜல்தி ஆள அனுப்பி உம் பவுடர இறக்கு" என்று மட்டும் சொன்னார்.

பவுடரோடு மஞ்சள் கையுறைகளும் வந்தன. கொதிநீரில் கையுறை போட முடியாது, இதில் போடலாம். போட்டே ஆகவேண்டும் என்று பவுடர்காரர் சொல்லியிருந்தார். நான் போட்டுக்கொண்டேன். அக்கா ஒரு நாள் போட்டுப் பார்த்துக் கழற்றிவிட்டார். "கைக்கு சட்ட மாட்டிகினா நூலு எங்கூட பேச மாட்டேங்குது."

அந்த மழைக்காலம் முழுக்க என் கை பாம்பு மாதிரி தோல் உரித்தது. அடியில் இளஞ்சிவப்பாக ஒரு தோல் வந்தது. தை மாதம் மூன்றாவது தடவையாக மாடிக்குப் போய்க் கையை நீட்டினேன். முதலாளியம்மா இழையை இழுத்தார். அது போவதே தெரியவில்லை. மறுமுனை காற்றில் ஆடியபோதுதான் போய்விட்டது என்று புரிந்தது. "நாளைலர்ந்து மேல வந்துடு" என்றார்.

கீழே இறங்கி அக்காவிடம் சொன்னேன். என் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கைக்குத்தான் தெரியாது, கன்னத்துக்குத் தெரியுது. பட்டுதாண்டி" என்றார்.

பவுடர் ஒரு வருஷம் வந்தது. விலை ஏறியதும் முதலாளி சோப்புக்கே திரும்பிவிட்டார். மாடியில் ரேடியோ கேட்டபடி நூல் சுற்றும்போது சன்னல் வழியாக அந்த ஆவி வரும். அதற்குள் கனகாம்பரம் தெரிகிறதா என்று பார்ப்பேன்.

இப்போது நூல் வெளியூரிலேயே பசை எடுத்து, சாயம் ஏறி, பிளாஸ்டிக் உறையில் வந்து இறங்குகிறது. பட்டறை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. கோவிந்தம்மா அக்கா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பவுடர்காரர் அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாரோ. மறுபடி ரேஷன் கடையில் விரல் ரேகை விழாவிட்டால் முழங்கையை வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்க ஆசைதான். கேட்கமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

தோல் மெத்தென்றுதான் வளர்ந்தது. அதில் கோடுகள் மட்டும் திரும்பி வரவில்லை. அன்று இழை எங்கேயும் மாட்டாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எங்க வெச்சிட்டு வந்தீங்க என்று அந்தத் தம்பி கேட்டாரே, இப்போது பதில் இருக்கிறது. பட்டின் பசையோடு பசையாக அந்தச் செப்பு அண்டாவில் கரைத்தேன் தம்பி. அலசிய தண்ணீர் பின்பக்க வாய்க்கால் வழியாகக் கமண்டல நாகநதிக்குப் போனது. அக்காவுடைய ரேகையும் என்னுடையதும் சேர்ந்துதான் போயிருக்கும்.