அடிக்கிளை இல்லாத மரம்

வீட்டுக்கு இளையவள் என்பதால் சின்னவள் என்ற பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. மூளை ஆய்வுக்கூடத்தில் வரையும் வேலை. எலியின் சிறுமூளையில் இருக்கும் பெரிய நரம்பணுக்கள் பார்க்க மரம் மாதிரி இருக்கும். திரையில் பச்சையாக ஒளிரும் அந்த மரங்களை அடியிலிருந்து நுனிவரை ஒரு கிளை விடாமல் வரைய வேண்டும். அவள் வரைந்ததில் இன்னொருவர் கைவைத்தார் என்ற பேச்சே இருந்ததில்லை.

அப்படியும் ஒரு நாள் வந்தது. ஆய்வக மேடம் அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இங்க கிளையே இல்லையேம்மா. எதைப் பாத்து வரைஞ்ச?"

சின்னவள் அசல் படத்தை மறுபடி திறந்து பார்த்தாள். அந்த மரத்தின் அடிப்பகுதி மொட்டை. உச்சியில் மட்டும் தாறுமாறான படர்ச்சி. மொட்டையைப் பார்க்கச் சகிக்காமல் கை தானாகவே கிளை போட்டிருக்கிறது.

மேடம் பொறுமையாக விளக்கினார். பொடி நரம்பணுக்கள் அனுப்பும் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மரம் கிளை விடும். இந்த ஒன்றில் மட்டும் அதை வாங்கும் புரதத்தை எடுத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்து மரங்கள் வாங்கிக்கொண்டு வளர்ந்து இடத்தைப் பிடித்துவிட்டன. இது உச்சியில் போய் ஒண்டிக்கொண்டது.

"எல்லாத்துலயும் எடுத்துட்டா, மேடம்?"

"அதுதான் வேடிக்கை. எல்லாம் கிட்டத்தட்ட ஒழுங்காவே வளருது. போட்டிக்குத்தான் ஆள் இல்லையே."

அன்றிலிருந்து அந்த மரம் அவளை விடவில்லை. சுவர் விரிசலில், ஈரத்துணி விட்ட தடத்தில், மகளின் கலைந்த முடியில் அதே மொட்டை அடி. ஆறு வயது மகளைக் குட்டி என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது, பிறவியிலேயே. அவளைப் பக்கத்துத் தெருப் பள்ளியில் சேர்ப்பதா, தொலைவில் விடுதியோடு இருக்கும் காது கேளாதோர் பள்ளிக்கு அனுப்புவதா என்று வீட்டில் ஒரே இழுபறி. பக்கத்துப் பள்ளி என்றால் வகுப்பில் கேளாதவள் அவள் ஒருத்திதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். யாரோ அடித்த கிண்டலில் கூடமே சிரிப்பால் அதிர்ந்தது. குட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரும் முடித்த பிறகு தானும் சிரித்தாள். பிறகு மெல்ல நழுவி, மாடிப்படியின் உச்சியில் போய் ஒண்டிக்கொண்டாள்.

சின்னவள் படியடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

விடுதியிலேயே சேர்த்துவிடலாம் என்று, அந்த மரத்தின் கதையையும் சேர்த்து, அன்றே கணவனிடம் சொன்னாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். "நாலு எலியப் பாத்துட்டு பெத்த பிள்ளைய அனுப்பச் சொல்றியா?"

எலியை வைத்து மனிதருக்குக் கணக்குப் போடாதே என்று மேடமும்தான் சொல்லியிருந்தார். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"படியுச்சியில போய் உக்காந்தது எலி இல்லீங்க."

அடுத்த வாரம் அவனே போய்ச் சேர்க்கைப் படிவம் வாங்கிவந்தான்.

குட்டியை விடுதியில் விட்டுவிட்டு வந்தபின் முதல் முறையாகப் பார்க்கப் போனாள். பள்ளி முற்றம் முழுக்கப் பிள்ளைகள், விரல்கள் பறந்துகொண்டிருந்தன. நடுவில் நின்று குட்டி கைகளால் என்னவோ சொன்னாள். கூட்டமே சிரித்துக் குலுங்கியது.

சின்னவளும் சிரித்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, எல்லாரும் முடித்த பிறகு.