பட்டாள ஜீப்பில் பாதி வழி

என் கல்யாண ஆல்பத்தில் சர்ச்சுக்குள் என் கையைப் பிடித்து நடத்தி வருகிறவர் என் அப்பா இல்லை. மாமா, அம்மாவின் அண்ணன். பார்க்கிறவர்கள் அப்பா செத்துப்போனார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். செங்கல் என்கிற ஊரில், நான் கல்யாணமாகிப் போன வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் துக்கமே விசாரித்தாள். அப்பா நன்றாக உயிரோடு இருக்கிறார். அந்தப் போட்டோ எடுத்த நேரத்தில் ரோட்டோரம் வெயிலில் ஜீப்போடு நின்றுகொண்டிருந்தார். விட்டுவிட்டு வந்தவள் நான்.

ஜீப் பட்டாளத்தில் கழித்துப்போட்ட பழைய பெட்ரோல் வண்டி. அப்பா பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஏலம் எடுத்த ஒருவரிடமிருந்து அதை வாங்கி, லாரியில் ஏற்றி, குன்னத்துகாலில் எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே உட்கார்ந்து கீழே பார்த்தால் தகட்டு ஓட்டை வழியாக மண் தெரியும். எஞ்சினை அவர் பிரித்தார். ஒயரிங்கும் பெயிண்டும் என் வேலை. லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை முடிந்து வந்ததும் அவருடைய கிழிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக்கடியில் நுழைந்துவிடுவேன். பட்டாளப் பச்சையை நம்மைப் போன்றவர்கள் அடிக்கக் கூடாது, சட்டம் உண்டு. அதனால் சாம்பல் நிறம் அடித்தேன்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா என் விரல்களைப் பார்த்துவிட்டார். நகத்தின் ஓரம் முழுக்கக் கருப்பு.

“இதென்ன மோளே?” என்றார்.

“அவ பெயிண்டிங் செய்வாளாக்கும்,” என்று அம்மா முந்திக்கொண்டாள். நான் தலையாட்டினேன்.

ஆனால் கல்யாணத்துக்கு ஜீப்பில்தான் போவேன் என்று அடம்பிடித்ததும் நான்தான். இப்போது அது ஃபேஷன். ஜீப்பில் வந்து இறங்குகிற பெண் ஃபேஷன், அதை ரிப்பேர் பார்க்கிற பெண் ஃபேஷன் இல்லை. இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ள முடியும் என்று நினைத்தேன்.

அப்பா ஒன்று மட்டும் சொன்னார். “வெயில்ல பைய போவப்பிடாது மக்கா. நிக்காம, நல்ல வேகமாட்டு சர்ச்சுல கொண்டு விட்டிருவேன்.”

அது எனக்கும் தெரியும். பழைய பெட்ரோல் வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்ந்தால் காற்றுப் படாமல் எஞ்சின் கொதிக்கும். அந்தச் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டு ஆறவிட்டால் திரும்ப ஓடும். அவ்வளவுதான் விஷயம்.

கல்யாணத்தன்று வீட்டிலிருந்து புறப்பட்டதும் பேண்ட் மேளக்காரர்கள் முன்னால் நடந்தார்கள். போட்டோகிராபர் தலைக்கு மேலே டிரோனைப் பறக்கவிட்டுக்கொண்டு, “சேச்சி, கொறச்சு பதுக்கே, பதுக்கே,” என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கத்தினான். அப்பா என்னைப் பார்த்தார். “பைய போங்கப்பா, வீடியோ எடுக்கான்லா,” என்றேன்.

சர்ச்சுக்குப் போகிற மேட்டின் பாதியில் ஜீப் இருமியது, நின்றது.

பேண்ட் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தது. டிரம்காரன் ஒருவன், “எலே, பெண்ணு எறங்கித் தள்ளுமோ?” என்றான். சிரித்தார்கள். பின்னால் ஏசிக் காரில் வந்த மாமா இறங்கி வந்தார். கல்ஃபிலிருந்து வந்த பிறகு அவர் நடக்கிறதே யாரையோ திட்டப் போகிற மாதிரி இருக்கும்.

“மச்சான், நான் அப்பமே சொன்னேன்லா? இந்த ஆக்கர்கடப் பழைய இரும்புல பெண்ண ஏத்தாதயும்னு!”

“கொஞ்சம் ஆறட்டு. வண்டிக்கு ஒண்ணும் இல்ல,” என்றார் அப்பா. பானட்டைத் திறந்தார். வெள்ளைச் சட்டையின் கையை மடக்கிவிட்டு, பார்க்காமலே என் பக்கம் கையை நீட்டினார்.

“மக்கா, சீட்டுக்கடியில துணி உண்டு. நனைச்சுத் தா.”

முற்றத்தில் தினமும் அப்படித்தான் கேட்பார். ஸ்பானர் என்றால் ஸ்பானர் கையில் வந்துவிடும். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. துணி என் காலடியில் கிடந்தது. தண்ணீர் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குனிந்தால் போதும்.

“அப்பா, எல்லாரும் பாக்கியாவ,” என்றேன்.

அவர் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். நீட்டிய கையை எடுத்துக்கொண்டார்.

மாமா கார்க் கதவைத் திறந்துவிட்டார். “ஏறு மக்கா. இந்த மேஸ்திரிப்பணி உச்சப்பொழுது வரைக்கும் நடக்கும்.” நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரில் ஏறினேன். உள்ளே நல்ல குளிர். பின்கண்ணாடி வழியாகப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என் மேல் இரக்கம் வரும். நான் பார்க்கவில்லை.

சர்ச்சில் எங்களுக்குப் பின்னால் இன்னொரு கல்யாணம் இருந்தது. போதகர் வாசலுக்கு வந்து, “அப்பா எங்க? யாரு கையப் பிடிச்சு நடத்துது?” என்று கேட்டார்.

“நான் இருக்கேன்லா,” என்றார் மாமா.

போதகர் என்னைப் பார்த்தார். காத்திருக்கலாம் என்று சொல்ல வேண்டிய ஆள் நான். அம்மா என் முந்தானையைச் சரிசெய்துகொண்டே, “போ மக்களே, நேரமாச்சு,” என்றாள். போனேன்.

உடன்படிக்கை சொல்லிக்கொண்டிருந்தபோது ஜீப் சத்தம் கேட்டது. இரண்டாவது கியரில், ஒரு இருமல்கூட இல்லாமல் மேடேறி வந்தது. பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. யாரோ சிரித்தார்கள். நான் நேராகப் பார்த்தபடி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். வெளியே வந்தபோது அப்பா பைப்படியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். “சட்ட அழுக்காக்கும். நீங்க எடுங்க,” என்றார்.

பந்தியில் மாமா இலைக்கு இலை போய்ச் சொன்னார்: “மச்சான் கெட்டிக்காரன் கேட்டியளா. பெண்ண நான் கொடுத்தேன், வண்டிய அவரு வச்சுக்கிட்டாரு.” எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மாமாவின் இலையில் பாயசத்தைக் கவிழ்க்கலாம் போலிருந்தது. ஆனால் அவர் மேல் கோபப்படுகிறது எனக்குச் சௌகரியம். அவர் கதவைத்தான் திறந்தார்.

ஆல்பம் வந்த அன்று என் வீட்டுக்காரர் முதலிலிருந்து கடைசி வரை புரட்டிவிட்டு, “இதுல எங்கயும் உனக்க அப்பா இல்லியே,” என்றார். சொன்னேன். நகத்துக் கருப்பு, பெயிண்டிங், துணி, எல்லாவற்றையும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வாசல்ல நின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வெயிட் பண்ணியிருப்பேனே,” என்றார். “அந்த மற்ற கல்யாணக்காரங்க எனக்க கூட்டுக்காரன் வீட்டாளுவளாக்கும். அவங்களே முக்கா மணிக்கூர் லேட்டு.”

அதற்குப் பிறகு குன்னத்துகாலுக்குப் போகவே கூச்சமாக இருந்தது. அப்பா போனில் ஜீப்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார். மழை உண்டா, சாப்பிட்டியா, அவ்வளவுதான். போன வாரம் அம்மாதான் வாய்தவறிச் சொன்னாள், பிரேக் சரியில்லாமல் வண்டி ஷெட்டில் கிடக்கிறது என்று. பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட வேண்டும். அப்பா வேறு யாரையும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பழைய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினேன். அப்பா ஸ்பானரோடு அடியில் படுத்தார்.

“சவிட்டு,” என்றார். மிதித்தேன். “பிடிச்சுக்கோ.” பிடித்தேன். “ம், விடு.”

ஒரு சக்கரம் முடிந்தது. முகம் தெரியாத அந்த நிலையில்தான் எனக்கு வாய் வந்தது.

“அப்பா, அண்ணைக்கு நான் துணிய எடுத்துத் தந்திருக்கணும். சர்ச்சு வாசல்லயும் நின்னிருக்கணும்.”

கீழே ஸ்பானர் சத்தம் நின்றது. பரவாயில்லை என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

“ஆமா, நின்னிருக்கணும்,” என்றார் அப்பா. பிறகு அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார். “சவிட்டு.”